பதவி உயர்வுக்கான கல்வித் தேர்வு: பிரித்தானியத் தரைப்படையின் சான்றிதழ் முறையும் அதன் எல்லைகளும் (1812–1920)

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானியத் தரைப்படையின் கடைநிலை வீரர் ஒருவர் கார்ப்பரலாகவோ சார்ஜண்டாகவோ உயர்வதற்குக் கல்விச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்னும் முறை 1861-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இம்முறைக்கு முன்னோடியாக விளங்கிய ரெஜிமென்ட் பள்ளிகள் சென்னை எழும்பூரில் உருவான ஒரு கற்பித்தல் முறையைப் பின்பற்றித் தொடங்கப்பட்டவை. ரெஜிமென்ட் பள்ளியின் தோற்றம், 1846-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், மூவகைச் சான்றிதழ்களின் பாடத்திட்டம், வீரர்கள் தேர்வுக்கு ஆயத்தமான சூழல், கட்டாயப் பள்ளி வருகை பற்றிய சிக்கல் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கீழ்நிலைப் பதவிகளில் தேர்வுக்கும் பணிக்கும் நெருங்கிய பொருத்தம் இருந்தது என்பதும், அதிகாரிப் பதவியின் வாயிலில் அப்பொருத்தம் முறிந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: ரெஜிமென்ட் பள்ளி, சட்டாம்பிள்ளை முறை, ஆண்ட்ரூ பெல், படைக் கல்விச் சான்றிதழ், பதவி உயர்வு, வில்லியம் ராபர்ட்சன், ரோமன் உருது.

முன்னுரை

படை வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறாகவும் தளபதிகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. பாசறையில் விளக்கொளியில் அமர்ந்து கூட்டல் கணக்குப் பழகிய வீரர் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகளில் நிகழ்ந்த மாற்றங்களுள் எழுத்தறிவின் பரவலும் ஒன்றாகும். கடைநிலை வீரருக்கு எழுத்தறிவு தேவையில்லை என்ற கருத்து வலுவாக நிலவிய ஒரு நிறுவனம், அரை நூற்றாண்டுக்குள் எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பதவி உயர்வு இல்லை என்ற நிலைக்கு வந்து சேர்ந்தது. இம்மாற்றம் ஏன் நேர்ந்தது, யாருக்குப் பயன்பட்டது, எங்கே நின்றுபோனது ஆகிய வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது.

பதவி உயர்வு யாருடைய கையில் இருந்தது என்பதே இவற்றுள் அடிப்படையான வினா. தேர்வு முறைக்கு முன்னர் ஒரு வீரரைக் கார்ப்பரலாக உயர்த்துவது ரெஜிமென்ட் தளபதியின் மதிப்பீட்டையும் கம்பெனி அதிகாரியின் பரிந்துரையையும் பொறுத்ததாக இருந்தது. தேர்வு முறை அம்மதிப்பீட்டை நீக்கிவிடவில்லை. அதற்கு முன்பாகக் கடக்க வேண்டிய ஒரு வாயிலை வைத்தது. அவ்வாயிலைக் கடப்பதற்கான வழி எவருக்கும் தெரியும்படி எழுதி வைக்கப்பட்டிருந்தது. இதுவே அம்முறையின் வலிமை. அதன் குறைகளும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

1. எழும்பூரிலிருந்து செல்சீ வரை

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் சமயகுரு 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் தொடங்கப்பட்ட ஆண் அநாதையர் இல்லத்தின் கண்காணிப்பாளராக அவர் பொறுப்பேற்றார். ஐரோப்பியப் படையினருக்குப் பிறந்து ஆதரவின்றி விடப்பட்ட சிறுவர்களே அவ்வில்லத்தில் வளர்ந்தனர். படைப் பிள்ளைகளுக்கான கல்வி என்னும் சிக்கலை பெல் முதலில் எதிர்கொண்டது அங்கேதான்.

உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகியதைக் கண்டு, அதனைத் தம் இல்லத்தில் புகுத்தியதாக பெல் குறிப்பிட்டுள்ளார். திண்ணைப் பள்ளியின் மணல் எழுத்தே அது. அவரிடம் பணியாற்றிய ஆசிரியர்கள் இப்புதுமுறையை ஏற்கத் தயங்கியபோது, எட்டு வயதளவில் இருந்த ஜான் ஃப்ரிஸ்கின் என்னும் மாணவனைக் கொண்டு சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். ஒரு மாணவன் பிற மாணவர்க்குக் கற்பிக்கும் இம்முறை பின்னர் ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோரை நடத்தும் வழக்கம் நன்கு அறியப்பட்டது. மணல் எழுத்தோடு இவ்வழக்கத்தையும் பெல் உள்ளூர்ப் பள்ளிகளிலிருந்தே எடுத்துக்கொண்டாரா, அன்றித் தாமே கண்டறிந்தாரா என்பது பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தரம்பால் போன்றோர் இந்தியத் தொன்மையை வலியுறுத்தினர்.

1796-இல் இந்தியாவை விட்டு நீங்கிய பெல், அடுத்த ஆண்டு இலண்டனில் தம் எழும்பூர் அனுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். குறைந்த செலவில் பலருக்குக் கற்பிக்கலாம் என்பதால் இம்முறை இங்கிலாந்தில் விரைவில் பரவியது. படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக யார்க் கோமகனின் முயற்சியால் 1803-இல் செல்சீயில் திறக்கப்பட்ட அரச இராணுவ இல்லம் அதனை ஏற்றுக்கொண்டது. தலைமைத் தளபதியாக இருந்த யார்க் கோமகன், ஒவ்வொரு பட்டாலியனிலும் ஒரு பள்ளி அமைக்கப்பட வேண்டும் என்னும் ஆணையை 1811-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டார். 1812 முதல் இப்பள்ளிகள் செயல்படத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் சார்ஜண்ட் தகுதியில் ஒரு பள்ளி ஆசிரியர் அமர்த்தப்பட்டார். கற்பித்தல் முறையாக பெல்லின் முறையே பரிந்துரைக்கப்பட்டது.

இப்பள்ளிகள் முதன்மையாக வீரர்களின் பிள்ளைகளுக்காக அமைந்தவை. இளம் வீரர்களும் சேர்ந்து படிக்கலாம் என்ற இசைவு இருந்தபோதிலும், அவர்களின் கல்விக்கும் பதவி உயர்வுக்கும் இடையே முறையான தொடர்பு எதுவும் அப்போது ஏற்படவில்லை.

2. 1846-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்

ரெஜிமென்ட் பள்ளிகள் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அவற்றின் தரம் பற்றிய மனக்குறை பெருகியது. சட்டாம்பிள்ளை முறை எழுத்தையும் வாய்பாட்டையும் மனப்பாடமாக ஏற்றுவதற்கு ஏற்றது. புரிந்து படிப்பதற்கும் கணக்கின் காரணம் அறிவதற்கும் அது போதவில்லை. பள்ளி சார்ஜண்டுகளுட் பலர் கற்பித்தலில் பயிற்சி அற்றவர்கள்.

தலைமைப் படைக்குருவாக இருந்த ஜார்ஜ் ராபர்ட் கிளெய்க் இக்குறைகளை எடுத்துரைத்தார். அவரே தம் இளமையில் படையில் பணியாற்றியவர். போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட்டின் ஆதரவுடன் 1846-இல் வெளியான அரச ஆணை படை ஆசிரியர்களுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை உருவாக்கியது. செல்சீயில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று அமைக்கப்பட்டது. அதனோடு இணைந்த மாதிரிப் பள்ளிக்கு வால்டர் மக்லியாட் தலைமை ஆசிரியரானார். கிளெய்க் படைப்பள்ளிகளின் தலைமை ஆய்வாளர் பொறுப்பையும் ஏற்றார். அவருடைய பெயரில் லாங்மன் நிறுவனம் வெளியிட்ட பாடநூல் வரிசையில் மக்லியாடின் கணித நூல்களும் வாசிப்பு நூல்களும் இடம்பெற்றன. பாசறைப் பள்ளிக்காக எழுந்த முயற்சி பொதுப் பள்ளிகளுக்கும் பாடநூல் வழங்கியது குறிப்பிடத்தக்கது.

இச்சீர்திருத்தத்தால் எழும்பூர் வழிவந்த முறை படையில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஆயினும் படைப் பிரிவு ஒவ்வொன்றிலும் பள்ளி இருக்க வேண்டும் என்னும் நெறி அம்முறையின் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. 1846-இன் புதுமை பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கொண்டுவந்ததே ஆகும். அத்தகைய ஆசிரியர் இன்றிப் பிற்காலத் தேர்வு முறை இயங்கியிருக்க இயலாது.

படை ஆசிரியரின் நிலை விந்தையானது. அவர் சார்ஜண்டுகளுக்கு மேலானவர், ஆனால் அதிகாரிகளுள் ஒருவர் அல்லர். அவர் கற்பித்த வீரர்களுட் சிலர் அவரைத் தாண்டி அதிகாரியாகும் வாய்ப்பு ஏட்டளவிலேனும் இருந்தது. அவருக்கோ அவ்வாய்ப்பு அரிதாகவே கிட்டியது.

3. மூன்று சான்றிதழ்கள்

கிரிமியப் போரில் வெளிப்பட்ட நிர்வாகச் சீர்கேடுகள் படைச் சீர்திருத்தத்துக்கு வலுவூட்டின. 1857-இல் இராணுவக் கல்விக் குழு நிறுவப்பட்டது. சில ஆண்டுகளில் படைப்பள்ளிகளும் அதன் ஆளுகைக்குள் வந்தன. 1861-இல் படைக் கல்விச் சான்றிதழ்கள் அறிமுகமாயின. கல்விக்கு ஊக்கம் தருவதே அவற்றின் வெளிப்படையான நோக்கம். பதவி உயர்வே அவ்வூக்கம்.

மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் கார்ப்பரல் பதவிக்கு உரியது. எளிய கதைப்பகுதி ஒன்றை உரக்கப் படித்தல், அத்தகைய பகுதியைச் சொல்லக் கேட்டு எழுதுதல், பணமும் அளவைகளும் கலந்த கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய கணக்குகளைச் செய்தல், பண அலகுகளை மாற்றுதல் ஆகியன இதற்குத் தேவைப்பட்டன.

இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் சார்ஜண்ட் பதவிக்கு உரியது. கடினமான உரைப்பகுதியைச் சொல்லக் கேட்டு எழுதுவதோடு, ரெஜிமென்ட்டின் எல்லாக் கணக்கேடுகளையும் கையாளும் பழக்கம் வேண்டும். விகிதம், வட்டி, பின்னம், சராசரி ஆகியவற்றிலும் தேர்ச்சி எதிர்பார்க்கப்பட்டது.

முதல் வகுப்புச் சான்றிதழ் கடைநிலையிலிருந்து அதிகாரிப் பதவிக்கு உயர விழைவோருக்கானது. எந்தத் தரமான ஆசிரியரின் நடையையும் படித்தும் கேட்டும் எழுதும் திறன், கையெழுத்துப் படி ஒன்றைத் திருத்தமாகப் பெயர்த்தெழுதுதல், மேல்நிலைக் கணக்கு ஆகியவற்றோடு, விருப்பப் பாடம் ஒன்றிலேனும் தேர்ச்சி பெற வேண்டியிருந்தது. 1887-க்குப் பின்னர் விருப்பப் பாடத்தின் இடத்தைப் பிரித்தானிய வரலாறும் புவியியலும் பெற்றன.

தேர்வை நடத்தும் முறையிலும் வேறுபாடு இருந்தது. கீழ்நிலைச் சான்றிதழ்கள் இரண்டும் படை ஆசிரியரின் பரிந்துரையின்பேரில் வழங்கப்பட்டன. முதல் வகுப்புக்கோ கல்விக் குழுவும் அதன்பின் இராணுவக் கல்வித் தலைமை இயக்குநரும் குறித்த காலங்களில் தேர்வு நடத்தினர். இதனால் முதலிரு நிலைகளில் தேர்வு பாசறைக்கு உள்ளேயே அமைந்தது. கற்பித்தவரே மதிப்பிடுபவராகவும் இருந்தார். வீரருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான உறவு பதவி உயர்வைப் பாதிக்கும் வாய்ப்பை இவ்வேற்பாடு முற்றிலும் நீக்கவில்லை.

4. ஏன் இந்தப் பாடங்கள்?

மேற்கண்ட பாடத்திட்டத்தில் போர்க்கலை இல்லை. அணிவகுப்பு, சுடுதல், காவல் முறை ஆகியன வேறிடத்தில் சோதிக்கப்பட்டன. கல்விச் சான்றிதழ் சோதித்தது எழுத்தையும் கணக்கையும் மட்டுமே. இதன் காரணத்தைக் கார்ப்பரல், சார்ஜண்ட் ஆகியோரின் அன்றாடப் பணியில் காணலாம்.

அக்காலக் காலாட்படை வீரரின் நாட்கூலி ஒரு ஷில்லிங். அதிலிருந்து உணவு, சலவை, உடைப் பழுது முதலியவற்றுக்குப் பிடித்தம் செய்யப்பட்டது. எஞ்சிய சிறு தொகையே வீரரின் கையில் சேர்ந்தது. ஒவ்வொருவரின் வரவையும் பிடித்தத்தையும் கம்பெனியின் ஊதிய சார்ஜண்ட் ஏட்டில் எழுதினார். வீரரிடமும் ஒரு சிறு கணக்கேடு இருந்தது. எழுத்தறியாத வீரர் அதில் கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி இட்டார். தமக்கு எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பதைச் சரிபார்க்க அவரால் இயலாது. எழுத்தறியாத கார்ப்பரலோ ஆணையைப் படிக்கவும் அறிக்கை எழுதவும் பிறர் உதவியை நாட வேண்டியிருந்தது.

உணவுக் கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வீரர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் ரொட்டியும் முக்கால் ராத்தல் இறைச்சியும் அளிக்கப்பட்டன. 87 பேர் கொண்ட கம்பெனி ஒன்றுக்கு 7 நாள்களுக்குத் தேவையான இறைச்சியைக் கணக்கிட வேண்டும் என்று கொள்வோம். விடை 456 ராத்தல் 12 அவுன்ஸ். ஓர் அந்தர் என்பது 112 ராத்தல். ஆகவே இதனைப் பண்டகசாலைக் கணக்கில் 4 அந்தர் 8 ராத்தல் 12 அவுன்ஸ் என்று எழுத வேண்டும். விலை பவுண்டு, ஷில்லிங், பென்னி என்னும் அலகுகளில் வரும். 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பத்தின் மடங்கில் அமையாத இவ்வலகுகளைப் பிழையின்றிக் கையாளுவது பழக்கமின்றி வாராது. மூன்றாம் வகுப்புத் தேர்வின் ‘பண அலகு மாற்றம்’ என்னும் தலைப்பு இத்தேவையிலிருந்து பிறந்ததாகும்.

எனவே முதலிரு சான்றிதழ்களின் பாடத்திட்டம் பதவியின் பணியோடு நேராகப் பொருந்தியது. தேர்வில் கேட்கப்பட்டதைப் பதவியில் அமர்ந்த மறுநாளே செய்ய வேண்டியிருந்தது. இப்பொருத்தமே கீழ்நிலைகளில் இம்முறைக்கு நியாயம் அளித்தது.

5. தேர்வுக்கு ஆயத்தமாதல்

வீரர்கள் தேர்வுக்கு ஆயத்தமான சூழல் கடினமானது. அணிவகுப்பு, காவற்பணி, ஆயுதமும் உடையும் துலக்குதல் ஆகியவற்றுக்குப் பின் எஞ்சிய நேரமே படிப்புக்குக் கிட்டியது. காவற்பணிக்குச் சென்ற நாளில் வகுப்பு தவறியது. ரெஜிமென்ட் இடம் மாறும்போதும் கடல் கடக்கும்போதும் தொடர்ச்சி அறுந்தது. பாசறை அறை பலர் சேர்ந்து உண்டு உறங்கும் இடம். அங்கே தனித்திருந்து படிப்பது எளிதன்று. பள்ளி அறையும் நூலகமும் ஓரளவு ஒதுக்கிடம் அளித்தன. படை நூலகங்களில் இந்தியாவுக்கு முன்னுரிமை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஐரோப்பிய வீரர்களுக்காக 1820-களிலேயே இந்திய நிலையங்களில் நூலகங்களை அமைத்தது. பிரித்தானியத் தரைப்படை 1838-இல்தான் இம்முயற்சியில் இறங்கியது.

பாடங்களை எண்ணினால் பயிற்சியின் இயல்பும் விளங்கும். சொல்வதைக் கேட்டு எழுதும் தேர்வுக்குப் பயிற்சி என்பது மீண்டும் மீண்டும் கேட்டு எழுதுவதே. சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கும் திறனை மூன்றாம் வகுப்புத் தேர்வு கேட்கவில்லை. ஆணையைக் கேட்டுப் பிழையின்றி எழுதிக்கொள்வதே கார்ப்பரலுக்கு வேண்டிய திறன் என்னும் எண்ணம் இதில் புலப்படுகிறது. படிப்பு கட்டளையின் நீட்சியாகவே கருதப்பட்டது.

தேர்வு வந்தவுடன் தேர்வுக் கையேடும் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் படை நகரமான ஆல்டர்ஷாட்டில் இயங்கிய கேல் அண்ட் போல்டன் பதிப்பகம், படைப் பயிற்சி நூல்களோடு கல்விச் சான்றிதழ்த் தேர்வுக்கான கையேடுகளையும் வெளியிட்டது. ஆசிரியரை மட்டும் நம்பியிராமல் வீரர் தாமே பயில இவை உதவின. அதே வேளையில், கல்வியைத் தேர்வின் அளவுக்குச் சுருக்கும் போக்கையும் இவை வளர்த்தன. பதவி உயர்வுத் தேர்வு எங்கெல்லாம் உள்ளதோ அங்கெல்லாம் காணப்படும் இருமுகத் தன்மை இது.

6. கட்டாயமும் தளர்வும்

பள்ளி வருகையைக் கட்டாயமாக்கலாமா என்பது நெடுநாள் சிக்கலாக நீடித்தது. 1840-களின் இறுதியில் புதிய வீரர்கள் நாள்தோறும் பள்ளிக்கு வர வேண்டும் என்று ஆணையிட முயன்றபோது, பள்ளி வருகை படைக்கடமை ஆகாது, மறுப்பவரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்னும் தடை எழுந்தது. உயிரைக் கொடுக்கும்படி ஆணையிடக்கூடிய ஒரு நிறுவனத்தால் எழுத்துக் கற்கும்படி ஆணையிட முடியவில்லை. சான்றிதழ் முறை இத்தடையைச் சுற்றிச் செல்லும் வழியாக அமைந்தது. கட்டாயத்தின் இடத்தில் பதவி ஆசை வைக்கப்பட்டது.

1870-கள் நிலைமையை மாற்றின. எட்வர்ட் கார்ட்வெல்லின் சீர்திருத்தங்களின்படி 1870 முதல் குறுகிய காலச் சேவை முறை நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு பகுதியை மட்டும் அணியிலும் எஞ்சியதைச் சேமப்படையிலும் கழிக்கலாயினர். அனுபவமே தகுதி என்றிருந்த பழைய சார்ஜண்டுகளின் இடத்தை இளையோரைக் கொண்டு விரைந்து நிரப்ப வேண்டிய தேவை பிறந்தது. 1871-இல் நான்காம் வகுப்புச் சான்றிதழ் ஒன்று சேர்க்கப்பட்டு, அதனைப் பெறும்வரை புதிய வீரர் பள்ளிக்கு வருவது கட்டாயமாக்கப்பட்டது. அதன் தரம் எட்டு வயதுப் பள்ளிச் சிறுவரின் தரத்தை ஒத்தது. இச்சான்றிதழ் எந்தப் பதவிக்கும் தகுதி அளிக்கவில்லை.

அதே காலத்தில் நாட்டின் பொதுக் கல்வியும் வளர்ந்தது. 1870-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டமும் 1880-இல் வந்த கட்டாய வருகையும் எழுத்தறிந்த இளைஞர்களைப் படைக்கு அனுப்பின. நான்காம் வகுப்பின் தேவை குறைந்தது. 1888-இல் அதுவும் கட்டாய வருகையும் கைவிடப்பட்டன. அதன்பின் பாசறைப் பள்ளிக்குத் தாமாக வந்தவர்களுட் பதவி உயர்வை நாடியவர்களே முதன்மையானவர்கள். கல்வியின் பொது நோக்கம் பின்தங்கித் தேர்வின் நோக்கமே முன்னின்றது.

7. முதல் வகுப்பின் எல்லை

சான்றிதழ் முறையின் வெற்றியையும் தோல்வியையும் ஒருங்கே காட்டுவது வில்லியம் ராபர்ட்சனின் வாழ்க்கை. 1860-இல் லிங்கன்ஷயரின் வெல்போர்ன் என்னும் சிற்றூரில் தையற்காரர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். ஊர்த் திருச்சபைப் பள்ளியில் படித்தபோது இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்து வாரம் ஆறு பென்னி ஈட்டினார். சட்டாம்பிள்ளை முறையின் எச்சம் அவ்வூர்ப் பள்ளியிலும் இருந்தது எனலாம். வீட்டுப் பணியாளராகச் சில காலம் கழித்து, 1877-இல் 16-ஆம் லான்சர் குதிரைப்படையில் கடைநிலை வீரராகச் சேர்ந்தார். குதிரைப்படையில் கணக்கேடு எத்துணை முதன்மையானது என்பதை 1885-இல் நிகழ்ந்த அவருடைய பதவி உயர்வு காட்டுகிறது. அவருக்கு முன் ட்ரூப் சார்ஜண்ட் மேஜராக இருந்தவர் கணக்குகளைச் சரிவரப் பேணாமையால் பதவி இறக்கப்பட்டார். அவ்விடமே ராபர்ட்சனுக்குக் கிட்டியது. அயர்லாந்தில் பணியாற்றிய காலத்தில் அவர் முதல் வகுப்புச் சான்றிதழ் பெற்றார். 1888-இல் அதிகாரித் தேர்விலும் தேறி 3-ஆம் டிரகூன் கார்ட்ஸ் படையில் இரண்டாம் லெப்டினன்டானார்.

இந்த இடத்தில்தான் தேர்வின் எல்லை வெளிப்படுகிறது. இங்கிலாந்தில் குதிரைப்படை இளநிலை அதிகாரி ஒருவரின் ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 120 பவுண்டு. அப்பதவிக்குரியதாகக் கருதப்பட்ட வாழ்க்கையை நடத்த அதற்கு மேலும் 300 பவுண்டு தேவைப்பட்டதாக அவரே பின்னாளில் பதிவு செய்துள்ளார். உணவகச் செலவு, குதிரை, விளையாட்டு, உடை ஆகியன சொந்தப் பணத்தில் நடந்தன. அதனால் செலவு குறைந்த இந்தியாவில் பணியாற்றும் படையையே அவர் தேர்ந்தெடுத்தார். அவருடைய சீருடையைத் தந்தையே தைத்துக் கொடுத்தார். விருந்தில் மதுவுக்குப் பதிலாக நீர் அருந்தியும் புகைபிடிப்பதைத் தவிர்த்தும் அவர் சிக்கனம் காத்தார். இந்தியாவில் உருது, பாரசீகம், பஷ்தூ உள்ளிட்ட மொழிகளைக் கற்று மொழித் தேர்வுகளில் தேறினார். கேம்பர்லி ஸ்டாஃப் கல்லூரியில் பயின்ற, கடைநிலையிலிருந்து உயர்ந்த முதல் அதிகாரி அவரே. 1915 முதல் 1918 வரை பேரரசுப் படைத் தலைமைப் பதவியை வகித்து, 1920-இல் பீல்டு மார்ஷலானார்.

ராபர்ட்சனின் வரலாறு தேர்வு முறையின் பெருமையாக அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. நுணுகி நோக்கினால் அது எதிர்மாறான உண்மையையும் உரைக்கிறது. சார்ஜண்ட் பதவிவரை தேர்வில் வென்றவருக்கு அப்பதவியை வகிக்க வேறொன்றும் தேவைப்படவில்லை. அதிகாரிப் பதவிக்கோ தேர்வில் வென்ற பின்னரும் பணமும் குடிப்பிறப்பும் எதிர்பார்க்கப்பட்டன. பதவியை விலைக்கு வாங்கும் வழக்கம் 1871-இல் ஒழிக்கப்பட்டபோதிலும், பதவிக்குரிய வாழ்க்கையை விலைக்கு வாங்க வேண்டிய நிலை தொடர்ந்தது. கடைநிலையிலிருந்து உயர்ந்தோருட் பெரும்பாலோர் பண்டக அதிகாரியாகவோ குதிரையேற்றப் பயிற்றுநராகவோ அமர்த்தப்பட்டதும் இதனோடு இயைபுடையது.

தேர்வின்றி உயர்ந்தோரும் உண்டு. கார்டன் ஹைலேண்டர்ஸ் படையில் 1870-இல் சேர்ந்த ஹெக்டர் மக்டானல்டு, இரண்டாம் ஆப்கன் போரில் காட்டிய வீரத்துக்காக 1880-இல் அதிகாரியானார். போர்க்களத் துணிவு என்னும் பழைய வழி அடைபடவில்லை. ஆனால் அவ்வழி போரின் வாய்ப்பைப் பொறுத்தது. அமைதிக் காலப் பாசறையில் கடைநிலை வீரர் தாமே முயன்று திறக்கக்கூடிய வாயில் தேர்வு ஒன்றே.

8. இந்தியச் சிப்பாயின் நிலை

எழும்பூரில் பிறந்த முறையால் தொடங்கிய பள்ளிகளின் பயன் இந்தியச் சிப்பாய்க்கு அதே அளவில் கிட்டவில்லை. கம்பெனி ஆட்சிக் காலத்து வங்காளப் படையில் பதவி உயர்வு பெரும்பாலும் பணிமூப்பின்படி நடந்தது. சிப்பாய் ஒருவர் சுபேதாராகும்போது முதுமை எய்திவிட்டார் என்னும் குறை 1857-க்கு முன்னரே பேசப்பட்டது. சுபேதார் பதவியே அவர் எட்டக்கூடிய உச்சி. அவ்வாறு உயர்ந்தவரும் இளம் பிரித்தானிய அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவரே. முதல் வகுப்புச் சான்றிதழ் திறந்துவைத்த, குறுகியதேனும் உண்மையான, அந்த வாயில் இந்தியருக்கு இல்லை. அரச ஆணை பெற்ற அதிகாரிப் பதவி 1917-இல்தான் முதன்முதலாக ஒன்பது இந்தியருக்கு வழங்கப்பட்டது.

1920-இல் படை ஆசிரியர் பிரிவு ஆர்மி எஜுகேஷனல் கோர் என்னும் புதிய அமைப்பாக உருமாறியது. இந்தியப் படையிலும் அதே காலப்பகுதியில் கல்விப் பயிற்சி ஒழுங்குபடுத்தப்பட்டு, சான்றிதழ்கள் படிநிலையாக வகுக்கப்பட்டன. அங்கே பொதுமொழியாக அமைந்தது ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட உருது. பஞ்சாபியரோ கர்வாலியரோ கூர்க்கரோ தம் தாய்மொழியின் எழுத்தை விட்டு வேறெழுத்தில் தேர்வு எழுதினர். தமிழ் வீரருக்கு மொழி, எழுத்து இரண்டுமே புதியவை. பிரித்தானிய வீரருக்கு மூன்றாம் வகுப்புத் தேர்வு தாய்மொழி எழுத்தறிவின் சோதனை. தமிழ் வீரருக்கோ அது அயன்மொழி ஒன்றின் சோதனை. ஒரே பெயர் கொண்ட சான்றிதழ் இருவரிடமும் ஒரே உழைப்பைக் கேட்கவில்லை. தேர்வின் சமத்துவம் தேர்வு நடக்கும் மொழியையும் பொறுத்தது என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

படைக் கல்விச் சான்றிதழ் முறை மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, பதவி உயர்வுத் தேர்வு அப்பதவியின் பணியைச் சோதிக்கும்போது நியாயமுடையதாகிறது. கார்ப்பரலின் எழுத்தும் சார்ஜண்டின் கணக்கும் பாசறையின் தேவைகள். அவற்றைச் சோதித்த தேர்வு எளிய குடும்பத்து வீரருக்கு உயர்வுக்கான தெளிவான வழியைக் காட்டியது. ஊதியக் கணக்கைச் சரிபார்க்கும் அறிவையும் சேர்த்தே அது அளித்தது.

இரண்டாவது, பதவியின் உண்மையான தகுதி தேர்வுக்கு வெளியே தீர்மானிக்கப்படும்போது தேர்வு வெறும் வாயிலாகவே நின்றுவிடுகிறது. முதல் வகுப்புச் சான்றிதழ் கதவைத் திறந்தது. உள்ளே இருக்கை அளிக்கவில்லை. ராபர்ட்சனின் அரிய வெற்றி இக்குறையை மறைக்கலாகாது.

மூன்றாவது, ஒரே பாடத்திட்டம் எல்லோருக்கும் ஒரே தேர்வாக அமைவதில்லை. வகுப்பு தவறவைக்கும் காவற்பணியும் தாய்மொழி அல்லாத தேர்வுமொழியும் தேர்வாளரிடையே வேறுபாட்டை உண்டாக்கின. திண்ணையின் மணல் எழுத்து எழும்பூர் வழியாகச் செல்சீக்குச் சென்று படைப்பள்ளியாயிற்று. அதன் வழிவந்த தேர்வு நூறாண்டு கழித்து இந்தியப் படைக்குத் திரும்பியபோது, தமிழ் வீரரிடம் அது வேறு மொழியில் பேசியது. பதவி உயர்வுத் தேர்வுகளை ஆராய்வோர் வினாத்தாளோடு நின்றுவிடாமல், அதற்கு ஆயத்தமாகும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்பதையும், வென்றபின் யாருக்கு என்ன கிட்டியது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்பதை இவ்வரலாறு வலியுறுத்துகிறது.